மெயிலை அழிப்பதற்கு முன் மணியை நிறுத்துங்கள்

2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் வந்தபோது ஆளுக்கு 1 ஜிபி இடம் கொடுத்தது. அன்றைக்கு ஹாட்மெயிலில் 2 எம்பி, யாஹூவில் 4 எம்பி. இனி எதையும் அழிக்க வேண்டாம், தேடி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் கூகுள் சொன்ன சேதி. நாமும் அழிக்கவில்லை. பான் கார்டுக்குக் கொடுத்த முகவரி, வங்கிக்குக் கொடுத்தது, ரயில் டிக்கெட்டுக்கு, பிஎஃப் கணக்குக்கு, தீபாவளிக்குத் துணி எடுத்த கடையில் பில் போடும்போது கேட்டார்களே, அதற்குக் கொடுத்தது, எல்லாம் ஒரே முகவரி. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் படிக்காத மெயில் ஐந்து இலக்கத்தில் நிற்கிறது.

இதைப் பார்த்துப் பதறி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டெலீட் செய்ய ஆரம்பிப்பவர்கள் அநேகமாக மதியத்துக்குள் விட்டுவிடுவார்கள். சோம்பேறித்தனம் காரணமில்லை. தவறான முனையிலிருந்து தொடங்குவதுதான் காரணம். பழைய மெயில் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அது பாட்டுக்குக் கிடக்கிறது. மண்டையைக் குடைவது இன்றைக்கு வருகிற மெயிலும், அது வந்துவிட்டது என்று போன் எழுப்புகிற சத்தமும்தான். ஆகவே முதலில் சத்தம், அடுத்து வரத்து, கடைசியாகக் குவியல். இந்த வரிசையில் போனால் முதல் நாளிலேயே பாதி பாரம் குறையும். குவியலை நீங்கள் தொடாமலே விட்டாலும் பெரிய மோசமில்லை.

யார் மணி அடிக்கலாம்

வாசல் மணியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று விட்டால் வீட்டில் உட்கார முடியாது. போனில் நாம் அதைத்தான் செய்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரே ஒரு கேள்வி போதும்: இது இந்த நிமிடமே எனக்குத் தெரியாவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஏதாவது கெட்டுப்போகுமா? போன் அழைப்பு, ஆம். கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்ட தகவல், ஆம். கூகுள் கணக்கில் புதிய கருவியிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்ற எச்சரிக்கை, ஆம். இதற்கு மேல் பட்டியல் நீள்வது அபூர்வம். ஓடிபிக்குக்கூடச் சத்தம் தேவையில்லை. அதைக் கேட்டு வாங்குவதே நீங்கள்தான், அந்த நேரத்தில் போன் கையில்தான் இருக்கும்.

வங்கித் தகவலை மட்டும் அலட்சியமாக அணைக்கக் கூடாது. மோசடியாகப் பணம் போனால் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் தவறும் இல்லாமல் உங்கள் தவறும் இல்லாமல் நடந்த திருட்டை, தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பில்லை என்பது அதன் சாரம். நாள் கணக்கு ஓடத் தொடங்குவது அந்த எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ உங்களுக்கு வந்ததிலிருந்து. 'நான் பார்க்கவில்லையே' என்பது அங்கே எடுபடாது. சைபர் மோசடிக்கு 1930 என்ற எண்ணும் உண்டு. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு.

அதே சமயம், ஒரே ஐந்நூறு ரூபாய்க்கு எஸ்எம்எஸ் ஒன்று, மெயில் ஒன்று, யுபிஐ ஆப்பில் ஒன்று என்று மூன்று தடவை மணி அடிக்க வேண்டியதில்லை. எஸ்எம்எஸ்ஸை மட்டும் சத்தத்தோடு வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடக்கலாம். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: சில வங்கிகள் சிறு தொகை யுபிஐ பரிமாற்றத்துக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதை நிறுத்திவிட்டன. உங்கள் வங்கி அப்படியென்றால் மெயிலையோ ஆப்பையோதான் சத்தத்தோடு வைக்க வேண்டும். பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்தால் எது எது வருகிறது என்று தெரிந்துவிடும்.

இனி ஜிமெயில் ஆப். இடது மூலையில் உள்ள மூன்று கோடு, செட்டிங்ஸ், உங்கள் கணக்கு, நோட்டிபிகேஷன்ஸ். அங்கே 'ஆல்' என்று இருப்பதை 'ஹை பிரியாரிட்டி ஒன்லி' என்று மாற்றுங்கள். போனில் இரண்டு மூன்று கணக்கு இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 'மாற்றியும் சத்தம் வருகிறதே' என்பவர்களில் நிறையப் பேர் இரண்டாவது கணக்கை மறந்தவர்கள்.

எது முக்கியம் என்பதை ஜிமெயில் நீங்கள் எதைத் திறக்கிறீர்கள், யாருக்குப் பதில் போடுகிறீர்கள் என்பதை வைத்து ஊகிக்கும். ஊகத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கணினியில் ஒரு ஃபில்டர் (இன்னாரிடமிருந்து வந்தால் இப்படிச் செய் என்று நாம் எழுதி வைக்கும் விதி; போடும் முறை கீழே) போட்டு, மேலாளர், பிள்ளையின் பள்ளி, வழக்கறிஞர் என்று நான்கைந்து முகவரிகளுக்கு 'ஆல்வேஸ் மார்க் இட் அஸ் இம்பார்ட்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அவர்களின் மெயில் மணி அடிக்கும். தவறாக முக்கியம் என்று வந்து நிற்கும் கடைக்காரர்களுக்கு இதற்கு நேரெதிரான 'நெவர்' ஃபில்டர்.

மற்ற ஆப்களுக்குக் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. நோட்டிபிகேஷன் வந்தவுடன் தள்ளிவிடாமல், அதன்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். 'சைலன்ட்' என்று வரும். பக்கத்தில் செட்டிங்ஸும் வரும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு ஆப்பும் தன் நோட்டிபிகேஷன்களை வகை பிரித்து வைக்க வேண்டும். சாப்பாடு கொண்டுவரும் ஆப்பில் 'ஆர்டர் நிலவரம்' ஒரு வகை, 'ஆஃபர்' ஒரு வகை. ஆஃபரை மட்டும் அணைத்துவிடலாம். சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே வகைக்குள் வேண்டுமென்றே போட்டு வைக்கின்றன. அப்படிப்பட்ட ஆப்பை முழுதாகவே அணைத்துவிடுங்கள். ஆர்டர் போட்ட அரை மணி நேரம் நீங்களே திறந்து பார்த்துக்கொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. ஐகான் மேல் சிவப்பில் தெரியும் எண்ணையும் எடுத்துவிடுவது நல்லது. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண் நாள் முழுக்கக் கண்ணில் படுவதால் யாருக்கும் எந்த வேலையும் நடந்ததில்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிடலாமே என்று தோன்றும். 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது, அதுவும் இந்தியாவில், 237 போன் பயனர்களிடம். நோட்டிபிகேஷன்களை நாளுக்கு மூன்று தடவை மொத்தமாகப் பெற்றவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. ஒன்றுமே வராதபடி அணைத்தவர்களுக்குப் பதற்றம்தான் கூடியது. எதையோ தவறவிடுகிறோம் என்ற நினைப்பு. ஆகவே முழு மௌனம் வேண்டாம், நேரம் குறித்த மௌனம் போதும். ஐபோனில் ஐஓஎஸ் 15 முதல் 'ஷெட்யூல்டு சம்மரி' இதையே செய்கிறது. அந்த வசதி இல்லாத போனில் மெயிலை 'சைலன்ட்' ஆக்கிவிட்டு, காலை 10, மதியம் 2, மாலை 5:30 என்று நீங்களே நேரம் வைத்துக்கொள்ளலாம்.

ஊரில் வயதான அப்பா அம்மா இருப்பவர்கள் 'டு நாட் டிஸ்டர்ப்' போடப் பயப்படுவார்கள். அதில் இரண்டு வாசல்கள் திறந்தே இருக்கும்படி வைக்கலாம். தொடர்பு எண்களில் நட்சத்திரம் போட்டவர்களை அனுமதிப்பது ஒன்று. ஒரே எண்ணிலிருந்து திரும்ப அழைத்தால் ஒலிப்பது இன்னொன்று. ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வர வேண்டும். 'அவசரம்னா ரெண்டு தடவை அடிங்கப்பா' என்று ஒரு முறை சொல்லி வைத்தால் முடிந்தது.

வரத்தைக் குறைப்பது

பெருமளவில் மெயில் அனுப்புகிறவர்களுக்குக் கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் விதியை இறுக்கின. ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு ஐயாயிரம் மெயிலுக்கு மேல் அனுப்பும் நிறுவனம், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வைக்க வேண்டும். கோரிக்கையை இரண்டு நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். இதனால் முன்பு போல மெயிலின் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் இணைப்பைத் தேடி, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் விலக வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே ஜிமெயில் காட்டும் 'அன்சப்ஸ்கிரைப்' பொத்தானைப் பயன்படுத்துங்கள். 2025இல் இடப்பக்கப் பட்டியலில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற பக்கமும் வந்துவிட்டது. அடிக்கடி அனுப்புகிறவர்கள் மேலே இருப்பார்கள். அந்த வரிசையில் மேலிருந்து இருபது பேரை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். அடியில் இருக்கும் நூறு பேர் வருடத்துக்கு இரண்டு மெயில் போடுகிறவர்கள். அவர்களுக்காக நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

விலகியும் வருகிறதே என்றால், அந்த நிறுவனம் ஆஃபர், செய்திமடல், 'உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை' என்று மூன்று பட்டியல் வைத்திருக்கும். மூன்றிலிருந்தும் விலக வேண்டும். நீங்கள் ஒருபோதும் கேட்டே இராத, யாரென்றே தெரியாத ஆளிடமிருந்து வருவதில் 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பைத் தொடாதீர்கள்; இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவனுக்குச் சொன்னதாகிவிடும். அதற்கு 'ரிப்போர்ட் ஸ்பேம்'தான் சரி. ஆனால் நீங்கள் பொருள் வாங்கும் கடையை எரிச்சலில் ஸ்பேம் என்று குத்திவிட்டால், நாளைக்கு அதன் பில்லும் ஸ்பேமுக்குள் போய் விழும்.

நம்மூருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. இனிஷியலும் பெயரும் சேர்ந்து முகவரியாக வைத்திருப்பவர்களுக்கு, அதே இனிஷியல், அதே பெயர் உள்ள இன்னொருவரின் காப்பீட்டு ரசீதும் பள்ளிக் கட்டணமும் வந்துகொண்டே இருக்கும். அவர் தன் முகவரியைத் தவறாகக் கொடுத்திருப்பார். ஜிமெயிலில் நடுவில் வரும் புள்ளிக்கு மதிப்பில்லை என்பது தெரியாமல், புள்ளி வைத்த முகவரி வேறு, வைக்காதது வேறு என்று நினைப்பவர்களும் இதில் சேர்த்தி. அந்த மெயிலில் 'முகவரியை உறுதி செய்க' என்று இருந்தால் சொடுக்காதீர்கள். வேறொருவரின் கணக்கு உங்கள் முகவரியோடு முடிச்சுப் போடப்பட்டுவிடும். நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், அசையவில்லையென்றால் ஃபில்டர்.

ஃபில்டரை ஜிமெயில் ஆப்பில் போட முடியாது. கணினியில் பிரவுசர் வழியாகத்தான் முடியும். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சிறு ஐகானைத் தட்டினால் ஒரு படிவம் விரியும். 'ஃப்ரம்' கட்டத்தில் அனுப்புநரின் முழு முகவரியை எழுதி, முதலில் 'சர்ச்' கொடுத்துப் பாருங்கள். எந்தெந்த மெயில்கள் மாட்டுகின்றன என்று தெரிந்த பிறகே 'கிரியேட் ஃபில்டர்'. இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்ப்பதால்தான் பெரும்பாலான சிக்கல் வருகிறது. வங்கியின் பெயரை மட்டும் போட்டு ஃபில்டர் வைப்பார்கள். கடன் ஆஃபரோடு கிரெடிட் கார்டு பில்லும் கண்ணில் படாமல் போய்விடும், அடுத்த மாதம் அபராதம் வரும். ஆஃபர் வரும் முகவரியும் பில் வரும் முகவரியும் பல வங்கிகளில் வேறு வேறு. முகவரி வாரியாகப் பிரியுங்கள்.

எதை எங்கே அனுப்புவது என்பதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. கடைசித் தேதி உள்ளது எதுவும் இன்பாக்ஸில்தான் இருக்க வேண்டும். பில் கட்டியாயிற்று என்ற ரசீது, பங்குப் பரிவர்த்தனைக் குறிப்பு, மாத அறிக்கை போன்றவை பின்னால் தேட வேண்டியவை. அவற்றுக்கு ஒரு லேபிள் போட்டு 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' கொடுங்கள். ஆனால் கூடவே 'மார்க் அஸ் ரீட்' கொடுத்துவிடாதீர்கள். வந்ததே தெரியாமல் போகும். ஒரு மெயிலுக்கு இரண்டு ஃபில்டர் பொருந்தினால் இரண்டுமே வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கைந்து லேபிள் போதும். நாற்பது லேபிள் வைத்து ஒழுங்காக அடுக்குகிறவர்கள் கடைசியில் தேடல் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குவியல்

'இடம் நிறைந்துவிட்டது' என்று எச்சரிக்கை வந்தால் உடனே மெயிலைக் குறை சொல்லாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டுமானது அல்ல. டிரைவும் போட்டோஸும் அதே இடத்தில்தான். 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றிய படங்கள் எல்லாம் கணக்கில் சேர்கின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்கிறது. கூகுள் ஒன் ஆப்பில் எதற்கு எவ்வளவு என்று கோடு பிரித்துக் காட்டும். அதைப் பார்க்காமல் மெயிலை அழித்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. குடும்பக் குழுவில் வந்த காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் பேக்கப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும். இடம் தாண்டிவிட்டால் புது மெயில் வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். இன்டர்வியூவுக்குக் காத்திருப்பவர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இடப் பிரச்சினை இல்லை, பட்டியல் நீளம்தான் உறுத்துகிறது என்றால் அழிக்கவே வேண்டாம். ஒரு மாதத்துக்கு முந்தையதை எல்லாம் 'ஆர்க்கைவ்' செய்யுங்கள். இன்பாக்ஸிலிருந்து நகர்ந்து 'ஆல் மெயில்' என்பதற்குள் போகும், தேடினால் கிடைக்கும். யாராவது அந்தப் பழைய மெயிலுக்குப் பதில் போட்டால் தானாக இன்பாக்ஸுக்குத் திரும்பும்.

இடம் வேண்டுமென்றால் பெரியதிலிருந்து தொடங்குங்கள். அதே தேடல் படிவத்தில் 'சைஸ்' என்ற கட்டத்தில் 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்தால் சில நூறு மெயில்தான் வரும், ஆனால் இடத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும். அடுத்தது 'புரமோஷன்ஸ்' பகுதி. அதே படிவத்தில் அந்தப் பகுதியைத் தேடியதும் மேலே வரும் 'எனி டைம்' என்பதில் ஒரு வருடத்துக்கு முந்தையவை என்று தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் குறிக்கும் கட்டத்தைத் தட்டினால் திரையில் உள்ள ஐம்பதுதான் குறிக்கப்படும். உடனே அதன் மேலே 'இந்தத் தேடலுக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்று ஒரு வரி வரும். அந்த வரியைக் கவனிக்காதவர்கள்தான் ஐம்பது ஐம்பதாக அழித்துச் சோர்ந்துபோகிறார்கள். இதுவும் கணினியில்தான் முடியும். ஆயிரக்கணக்கில் என்றால் சில நிமிடம் எடுக்கும், மூடிவிடாதீர்கள். டிராஷில் போனது 30 நாள் இருக்கும். அதைக் காலி செய்யும்வரை காலி இடம் அதிகரிக்காது.

அழிப்பதில் இரண்டு கண்ணிகள். முதலாவது, ஜிமெயில் ஒரு பேச்சுத் தொடரை ஒன்றாகக் கட்டி வைக்கிறது. தேடலில் மாட்டியது அதில் ஒரு மெயில்தான் என்றாலும் அழிந்துபோவது முழுத் தொடரும், நீங்கள் எழுதிய பதில்கள் உட்பட. மொத்தமாக அழிக்கும் முன் செட்டிங்ஸில் 'கான்வர்சேஷன் வியூ'வை அணைத்துவிடுங்கள். இரண்டாவது, வங்கி அறிக்கை. பிடிஎஃப்பை இறக்கி வைத்துக்கொண்டு மெயிலை அழித்துவிடுவார்கள். அந்த பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தா, பிறந்த தேதியா, எப்படிச் சேர்ப்பது என்ற விளக்கம் அந்த மெயிலில்தான் இருந்தது. ஐந்து வருடம் கழித்து வீட்டுக்கடனுக்குக் கேட்கும்போது திறக்க முடியாது. இறக்கியவுடன் குரோமில் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, 'சேவ் அஸ் பிடிஎஃப்' என்று புதிதாகச் சேமித்தால் பெரும்பாலும் பூட்டில்லாத பிரதி கிடைக்கும். பூட்டில்லாததைக் கண்ட இடத்தில் போட்டு வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தினமும்

வைத்துக்கொண்ட நேரத்தில் மெயிலைத் திறந்தால், மேலிருந்து ஒவ்வொன்றுக்கும் முடிவெடுங்கள்: இரண்டு வரியில் பதில் சொல்ல முடிந்தால் அப்போதே, முடிந்தது என்றால் ஆர்க்கைவ், வேறொரு நாளுக்குரியது என்றால் 'ஸ்னூஸ்' (அந்த நாளில் மறுபடி வரும்படி தள்ளி வைப்பது). ரயில் டிக்கெட்டைப் பயண நாள் காலைக்கும், பிரீமியம் கட்டச் சொல்லும் மெயிலைக் கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்னதாகவும் ஸ்னூஸ் செய்யலாம். ஒரே மெயிலை மூன்றாவது முறையாக 'நாளைக்கு' என்று தள்ளினால், அது மெயில் பிரச்சினை இல்லை. அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு மனமில்லை அல்லது தகவல் போதவில்லை. யாரையாவது போனில் கூப்பிட வேண்டிய நேரம் அது.

வருவதில் ஒரு பகுதி நாம் அனுப்புவதால் வருகிறது. 'எப்போது சந்திக்கலாம்?' என்று எழுதினால் ஆறு மெயில் ஓடும். 'செவ்வாய் காலை 11 அல்லது புதன் மாலை 4, இரண்டும் முடியாவிட்டால் நீங்களே ஒரு நேரம் சொல்லுங்கள்' என்றால் இரண்டில் முடியும். இருபது பேர் இருக்கும் மெயிலில் எல்லோருக்கும் 'நன்றி' போடுவதை விட்டுவிடலாம். இரவு பதினொரு மணிக்குப் பதில் எழுதுவது உங்கள் வசதி என்றால் எழுதுங்கள். ஆனால் 'ஷெட்யூல் சென்ட்' போட்டுக் காலை ஒன்பதுக்கு அனுப்புங்கள். இரவிலும் பதில் கிடைக்கும் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால் அலுவலகம் அதை மறக்காது.

வாட்ஸ்அப் குழுவுக்கு 'மியூட்' மட்டும் போதாது. 'ஆல்வேஸ்' என்று மியூட் செய்து ஆர்க்கைவிலும் போடுங்கள். புது செய்தி வந்தாலும் மேலே ஏறாது. உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோ மட்டும் தெரியும். குழுவிலிருந்து விலகினால் 2022 முதல் அட்மினுக்கு மட்டும்தான் சொல்லும், ஆனால் சித்தப்பாதான் அட்மின் என்றால் ஆர்க்கைவே உத்தமம். விளம்பர எஸ்எம்எஸ் வேண்டாம் என்று பதிவு செய்ய 1909க்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட் 0' என்று அனுப்பலாம். வருகிற செய்தியின் அனுப்புநர் பெயருக்குக் கடைசியில் இப்போது ஓர் எழுத்து இருக்கும்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிமாற்றம், ஜி அரசு. பதிவு செய்த பிறகும் பி வந்தால் புகார் செய்யலாம்.

வாரம் ஒரு முறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து கண்ணை ஓட்டுங்கள். 30 நாளானால் அங்கிருப்பது தானாக அழிந்துவிடும். வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்து வந்த பதிலும், வருமான வரித் துறையின் மெயிலும் அதற்குள் சிக்குவதுண்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்தவர் அதைச் சரிபார்க்க 30 நாள்தான் அவகாசம். வரிக் காலத்தில் வாரம் இரண்டு முறை பார்க்கலாம். உண்மையான முகவரி என்று தெரிந்தால் 'நாட் ஸ்பேம்' கொடுத்து, அந்த முகவரிக்கு 'நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்' என்று ஒரு ஃபில்டரும் போட்டுவிடுங்கள்.